தனிப்பட்ட அனுபவம், நூற்றைம்பது சொற்கள்

அங்கே நள்ளிரவு கெடு.
விருதம்பட்டில் அது காலை ஐந்தரை.
பால் வண்டி வந்துபோயிருக்கும்.
காட்பாடி சந்திப்பில் ஏதோவொரு ரயிலின் தாமதத்துக்கு
மூன்று மொழியில் வருந்திக்கொண்டிருப்பார்கள்.

நான் 4417.
பெயர் கேட்கக் கூடாது, சொல்லவும் கூடாது.
அவன், அல்லது அவள், லீட்ஸில் முதுகலை.
கட்டுரைத் தலைப்பு: உலகச் சந்தையும் உள்ளூர் நீரும்.
எடுத்துக்கொண்ட ஆறு
(கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தேன்)
பாலாறு.

ஜன்னலைத் திறந்தால் பாலம்.
பாலத்துக்குக் கீழே மணல், வேலிக்காத்தான்,
அவிழ்த்துப் போட்ட கயிறு போலக் கொஞ்சம் தண்ணீர்.
திறக்கவில்லை. கொசு.

மூவாயிரம் சொற்கள், சொல்லுக்கு அறுபது பைசா.
கல்லூரியில் ஒரு மணி நேரத்துக்கு
என்ன தருகிறார்கள் என்று கேட்காதீர்கள்.
மூன்று மாதமாகத் தரவில்லை.
கௌரவ விரிவுரையாளர் என்ற பட்டத்தில்
முதல் சொல்லை மட்டும் தவறாமல் தருகிறார்கள்.

என் முனைவர் பட்ட ஆய்வும் இதே ஆறுதான்.
பேரணாம்பட்டிலிருந்து மேல்விஷாரம் வரை
நூற்றுப் பதினாறு கிணறுகளில் வாளி விட்டேன்.
அதை மேற்கோள் காட்டலாமா என்று கேட்டேன்.
சர்வதேசத் தரமுள்ள சான்றுகள் மட்டும், என்று பதில்.
எனவே, பதினோரு நாள் வந்துபோன ஒரு டச்சுக்காரரை
ஏழு இடங்களில் காட்டினேன்.
அவருடைய நன்றியுரையில்
'உள்ளூர் உதவியாளர்கள்' என்று ஒரு வரி உண்டு.
அந்த வரியில் இடுப்பில் வாளியோடு
நானும் நிற்கிறேன், உற்றுப் பார்த்தால்.

திருட்டைச் சோதிக்கும் மென்பொருளில் போட்டேன்.
யாருடையதைப் போலவும் இல்லை என்றது.
சரி என்றேன்.

இரண்டு மணிக்கு மறுபடி ஒரு செய்தி:
பேராசிரியர் இன்னொரு பகுதி கேட்கிறார்.
அந்த ஆற்றை முதன்முதலில் பார்த்தபோது
உங்களுக்குள் என்ன நேர்ந்தது?
நூற்றைம்பது சொற்கள். மனதிலிருந்து.

தொண்ணூறு ரூபாய்.

எழுதினேன்.
எங்கள் கிணற்று நீரில் பால் திரியும்,
அதனால் வீட்டில் எப்போதும் வரக்காப்பி.
அப்பா சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து வந்து
வாசலிலேயே நின்று, முதலில் கையை முகர்ந்து பார்ப்பார்,
பிறகுதான் என்னைத் தூக்குவார்.
விடுதியில் சேர்ந்த முதல் வாரம், தோல் வாடை என்று
பக்கத்துக் கட்டில்காரி படுக்கையை மாற்றிக்கொண்டாள்.
புதுச் சோப்பு வாங்கினேன். ஆறு
அந்தச் சோப்புக்குள்ளும் வந்தது.

எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்பது சொற்கள்.
முழுதும் தேர்ந்தெடுத்தேன். அழித்தேன்.

பதிலுக்கு ஒரு கொக்கு கொடுத்தேன்.
வெள்ளைக் கொக்கு, ஒற்றைக் காலில்,
நுரைக்கும் நீருக்கும் நடுவே,
எதையோ மன்னிக்கிறாற்போல.
விடியலைச் சேர்த்தேன். 'என்னையறியாமல்' என்று
இரண்டு இடத்தில் போட்டேன்.
ஐந்து பத்துக்கு அனுப்பினேன்.
எட்டரைக்கு முதல் வகுப்பு.
சுற்றுச்சூழல் கல்வி, எழுபத்திரண்டு பேர்,
அறுபது நாற்காலி.

மூன்று வாரம் கழித்து ஒரு திரைப்படம்பிடிப்பு வந்தது.
எழுபத்தொரு மதிப்பெண், ஐந்து நட்சத்திரம்.
ஓரத்தில் பேராசிரியரின் குறிப்பு:
'வாதம் சற்றுப் பழகியது. ஆனால் அந்தக் கொக்கு!
நேரில் நின்றவரால் மட்டுமே முடியும்.'

அன்று கல்லூரியில் ஒப்பந்தக் கையெழுத்து.
வெளிநாட்டுக் குழு, வாடகைக் கம்பளம்,
எங்களுக்கெல்லாம் ஒரே நிறத்தில் புடவை.
வாசல் ஃப்ளெக்ஸில் 'உலகத் தரம்',
கீழே நன்கொடையாளர் படம், அதற்கும் கீழே குடிதண்ணீர் லாரி.
கடைசி பெஞ்சு சப்ரீனா மட்டும் கேட்டாள்:
மிஸ், நாலாவது யூனிட் பரீட்சைக்கு வருமா?
வராது என்றேன். நான்காவது யூனிட் ஆறுகள்.

திரும்பும்போது பாலத்தின் மேல் நெரிசல்.
முன்னால் ஷூ பெட்டிகள் ஏற்றிய கண்டெய்னர்,
பின்னால் ராஞ்சியிலிருந்தும் காத்மாண்டுவிலிருந்தும்
படிக்க வந்திறங்கிய பிள்ளைகளின் பெட்டிகள்
ஆட்டோக்களின் தலையில்.
பேருந்து இருபது நிமிடம் நின்றது.

நான் எழுதியதுதான். காசுக்கு எழுதியது.
இருந்தும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைத் தாண்டி
எட்டிப் பார்த்தேன்,
கீழே, அந்தக் கயிறளவு நீரில்.